பெறுநர் கையொப்பம்

அக்டோபர் 29, 2023, ஞாயிறு

சங்கக் கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. அதில் ஒன்றேகால் மணி நேரம், விழாவுக்கு வருகிறவர்களுக்குப் போடுவது சால்வையா துண்டா என்பதற்கே போய்விட்டது. இவர்கள் சால்வைக்குப் போட்ட சண்டையை எல்லையில் பார்த்திருந்தால் எதிரி இரண்டு நாள் முன்னதாகவே சரணடைந்திருப்பான்.

முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு நீங்கள் எப்படிச் செயலாளர் என்று என் மனைவி சுலோசனா இன்றும் கேட்டாள். நியாயமான கேள்விதான். நான் பட்டாளத்துக்குப் போனவன் இல்லை. என்.சி.சி.யில்கூட பூட்ஸ் கடிக்கிறது என்று இரண்டாம் வாரமே நின்றவன். தபால் இலாகாவில் முப்பத்தெட்டு வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றேன். ஆனால் மெடல் சேர்க்கிறேன். எது அசல், எது தையல்காரர் கடையில் வாங்கியது என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன். நான்கு வரி ஒழுங்காக எழுதவும் தெரியும். அதனால் இவர்களுக்கு நான் "மெடல் சார்". பக்தவச்சலம் என்று எனக்கொரு பெயர் இருப்பதே அவர்களுக்கு மறந்துபோயிருக்கும்.

தீர்மானம் இதுதான்: எழுபத்தொன்றாம் வருட வங்கதேசப் போரில் இருந்தவர்களுக்கு டிசம்பர் பதினாறாம் தேதி பாராட்டு விழா. ஹவில்தார் கன்னியப்பன் எழுந்தார்.

"அம்பத்திரண்டு வருசம் கழிச்சி இன்னாத்துக்கு சார் இது? அப்ப ஒருத்தன் வந்து ஏன்னு கேக்கல. இப்ப பாதி பேரு போய் சேந்துட்டான், மீதி பேருக்குக் காது கேக்கல. யாருக்கு மைக்கு வெக்கப் போறீங்க?"

தலைவர் ஹானரரி கேப்டன் ஜெயசீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மீதி பேரு இருக்கான் இல்ல கன்னியப்பா, அவனுக்குத்தான்."

போன வருடம் சங்க ஆண்டு விழாவில், போருக்கே போகாத ஒருவர் கடையில் வாங்கிய மெடலோடு வந்து மாலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதனால் இந்த வருடம் அசல் மெடல் காட்டினால்தான் மேடை. பரிசோதிப்பது நான். இன்னொன்றையும் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: மெடலை இடப்பக்கம் குத்த வேண்டும். வலப்பக்கம் குத்தினால், இறந்துபோனவருடைய மெடலை வீட்டார் அணிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். போன வருடப் புகைப்படத்தில் மூன்று பேர் வலப்பக்கம் குத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். மூவரும் எனக்கு முன்னால் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டவர்கள்.

நவம்பர் 1, புதன்

ஒருவர் தன் அப்பாவின் மெடலைக் காட்ட வீட்டுக்கு வந்தார். வருவதற்கு முன்னால் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். குத்துவிளக்கு மாதிரி மின்னுகிறது. ஐம்பது வருடத்துப் பழமை ஒரு எலுமிச்சை அளவு புளியில் போய்விட்டது. "பளபளன்னு இருக்கு இல்ல சார்?" என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டு அரை மணி நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சுலோசனா என் மர அலமாரியைத் துடைத்தாள். பன்னிரண்டு தட்டு. ஒவ்வொரு மெடலுக்கும் கீழே எங்கே, எப்போது, யாரிடம் வாங்கியது என்று சீட்டு.

"எல்லாத்துக்கும் சீட்டு ஒட்டி வெச்சிருக்கீங்க. முதல் தட்டுல இருக்கற ரெண்டுக்கு மட்டும் ஏன் இல்ல?"

ஒட்டியிருந்தேன், உதிர்ந்துவிட்டது என்றேன். பசை இப்போதெல்லாம் தரமாக வருவதில்லை.

நவம்பர் 5, ஞாயிறு

பரிசோதனை நாள். பதினான்கு பேர் வந்தார்கள். ஒருவர் மெடலை மஞ்சள்பையில் போட்டு வந்தார், ஒருவர் டிபன் பாக்ஸில். ஒருவர் ரிப்பனை எலி தின்றுவிட்டது என்று மனைவியின் ஜாக்கெட் துணியைத் தைத்து வந்திருந்தார். இவர்களிடம் ஒரு நாட்டின் எல்லையைக் கொடுத்தார்கள்.

கடைசியாக பாலேரிமேட்டிலிருந்து வஜ்ஜிரவேலு என்பவர் வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். நெட்டையான ஆள், கூன் இல்லை. ஒன்பது வருடம் ராணுவம், அப்புறம் பம்பாயில் மில் வாட்ச்மேன், பிள்ளைகள் தலையெடுத்த பிறகு ஊரோடு வந்து சேர்ந்தவர். கூடவே அவர் மனைவி எல்லம்மா, தோளில் கட்டைப் பையோடு. மெடல் எங்கே என்று கேட்டேன்.

"வரவே இல்ல சார். எங்கூட இருந்தவனுக்கு எல்லாம் வந்துச்சி. எனக்கு வரல."

அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார் எங்க ஊரு போஸ்டாபீஸ்ல இருந்தவருதானே? முடி நெறைய இருக்கும் அப்ப."

ஆமாம் என்றேன். எழுபத்தெட்டிலிருந்து மூன்று வருடம். சிலருடைய ஞாபகசக்தி வேண்டாத இடத்தில்தான் வேலை செய்கிறது.

வஜ்ஜிரவேலுவின் விவரத்தைக் கொடுத்து ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு ஆகஸ்டிலேயே எழுதியாகிவிட்டது என்றார் கேப்டன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. செயலாளர் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்? கடிதம் எழுதுவது என் வேலை. நான் எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. கூட்டத்தில் கொடுத்த வடையில் எண்ணெய் சரியில்லை.

நவம்பர் 8, புதன்

எலக்ட்ரீஷியன் இன்றும் வரவில்லை. மூன்றாம் முறை. "தோ கெளம்பிட்டேன் சார்" என்கிறான். கிளம்பி எங்கே போகிறான் என்பதுதான் தெரியவில்லை.

காப்பகத்தில் இரக்கமுள்ள அதிகாரி யாராவது இருந்தால் பழைய கோப்புக் கட்டைப் புரட்டாமல் வஜ்ஜிரவேலுவுக்கு ஒரு டூப்ளிகேட் கொடுத்துவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. அரசாங்கத்துக்குப் பித்தளைப் பஞ்சமா?

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. முறுக்கு கல்லாக இருந்தது. சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

நவம்பர் 19, ஞாயிறு

பதில் வந்துவிட்டது. ஒரு பட்டா மாற்றத்துக்கு நான்கு வருடம் நடக்க வைக்கிற நாட்டில் இந்த ஒரு கடிதத்துக்கு மூன்றே மாதத்தில் பதில். கேப்டன் கூட்டத்தில் வாய்விட்டுப் படித்தார். வஜ்ஜிரவேலுவின் போர்ப் பதக்கங்கள், நட்சத்திர வடிவ பூர்வி ஸ்டார், வட்டமான சங்ராம் மெடல் இரண்டும் 1979 ஏப்ரலில் பதிவுத் தபாலில் அனுப்பப்பட்டன. பெறுநர் கையொப்பத்தோடு ஒப்புகை அட்டை திரும்பி வந்திருக்கிறது. ஆகவே மேற்கொண்டு நடவடிக்கை இல்லை.

கன்னியப்பன் தொடையைத் தட்டினார். "கையெழுத்துப் போட்டு வாங்கிகினு வரலன்னா இன்னா அர்த்தம்? வித்துட்டான். அவ்ளோதான்."

வஜ்ஜிரவேலு எழுந்து நின்றார். சத்தம் போடவில்லை. "எழுபத்தொம்போதுல நான் பம்பாய்ல மில்லு கேட்டாண்ட நின்னுகினு இருந்தேன். எந்தக் கையி வந்து கையெழுத்துப் போட்டுச்சி? அத்த சொல்லுங்க."

பெயரை நீக்கலாம் என்று மற்றவர்கள் கை தூக்கினார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டியது செயலாளர். எழுதினேன்: "திரு. வஜ்ஜிரவேலு தம் பதக்கங்களைப் பெற்றுக்கொண்டு பின்னர் விற்றுவிட்டதாகத் தெரியவருவதால் அவர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது." படித்துக் காட்டுவது வழக்கம். படித்தேன்.

அவர் என் மேசை அருகே வந்தார். "சார், எனக்கு சால்வை வாணாம். ஸ்டேஜும் வாணாம். வித்துட்டான்னு எழுதினீங்க பாருங்க, அத்த மட்டும் அடிங்க. நான் செத்த பெறகு எம்பேரு அந்தப் புக்குல அப்பிடி இருக்கக் கூடாது."

நிறைவேறிய தீர்மானத்தை ஆதாரமில்லாமல் அடிக்க முடியாது என்று கேப்டன் சொன்னார். சங்கத் துணைவிதி அப்படித்தான். அந்தத் துணைவிதியை எழுதியவன் நான்தான், ஆனால் அது வேறு விஷயம்.

நவம்பர் 21, செவ்வாய்

மழை. மாடி அறையில் ஒழுகல். அலமாரியை நகர்த்தினேன். முதுகு பிடித்துக்கொண்டது. முதல் தட்டை மட்டும் எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன்.

கன்னியப்பன் மாதிரி ஆட்களால்தான் பிரச்சினை. ஆதாரம் இல்லாமல் ஒரு மனிதரைப் பற்றி இப்படிப் பேசலாமா? நாக்குக்கு நரம்பில்லையா?

நவம்பர் 24, வெள்ளி

வழி கிடைத்துவிட்டது. ஏன் முன்பே தோன்றவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். மெடல் சேர்க்கிறவன் கைக்கு மெடல் எங்கிருந்து வந்தது என்று யார் கேட்கப் போகிறார்கள்? காலையில் கேப்டன் வீட்டுக்குப் போய், வேலூரில் ஒரு பழைய பித்தளைக் கடையில் தற்செயலாக இரண்டு மெடல் கண்ணில் பட்டது, திருப்பிப் பார்த்தால் நம் வஜ்ஜிரவேலுவின் எண், பெயர் என்று இரண்டையும் எடுத்து வைத்தேன். கேப்டன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கடவுள் உங்களை அந்தக் கடைக்கு அனுப்பியிருக்கார் சார்."

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வஜ்ஜிரவேலுவிடம் ஒப்படைப்பது என்று முடிவு. மெடல் உரியவருக்குப் போகிறது. என் தட்டில் இரண்டு பள்ளம் காலியாகிறது. அது எனக்கு என்ன கஷ்டம் என்பதை யாரும் கேட்கப் போவதில்லை, பரவாயில்லை. ஒரு வழியாக முடிந்தது. மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

நவம்பர் 26, ஞாயிறு

முடியவில்லை.

வஜ்ஜிரவேலு நட்சத்திரத்தைக் கையில் வாங்கினார். பின்புறத்தில் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகத் தடவினார். கண் சரியாகத் தெரியவில்லை போலும். "எந்நம்பர்தான்" என்றார். அத்தோடு விட்டிருந்தால் எல்லாம் சுபம்.

கன்னியப்பன் சும்மா இருப்பாரா? "கடைக்கு எப்பிடிப் போச்சாம்? இவரு பம்பாய்ல இருந்தாருன்றாரு. சரி, ஒத்துக்கறேன். அப்ப ஊட்ல இருந்தவங்க யாரோ வாங்கி, கடையில போட்டுக்கிறாங்க."

எல்லாருடைய தலையும் கதவுப் பக்கம் திரும்பியது. கதவோரம் எல்லம்மா கட்டைப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். வஜ்ஜிரவேலுவும் திரும்பினார். அவரும் அப்படித்தான் பார்த்தார்.

"நான் கண்ணால கூடப் பாக்கலியே" என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள். அவர் மெடலை மேசைமேலேயே வைத்துவிட்டு வெளியே நடந்தார். அவருடைய குடை நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினாள்.

தீர்மானத்தைத் திருத்தச் சொன்னார் கேப்டன். "விற்றுவிட்டதாக" என்பதை "அவர் குடும்பத்தாரால் விற்கப்பட்டதாக" என்று மாற்றினேன். என் கையெழுத்து எப்போதும் போல அழகாகத்தான் விழுந்தது. மெடல்களைப் பாதுகாப்பாக வைத்திருக்கும்படி என்னிடமே கொடுத்துவிட்டார்கள். திரும்பவும் என்னிடமே!

நவம்பர் 27, திங்கள்

எலக்ட்ரீஷியன் வந்தான். திரும்பிப் போகச் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 30, வியாழன்

எல்லம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். சுலோசனா உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"அந்தக் கடை எங்க கீதுன்னு சொல்லுங்க சார். நான் நேரா போய்க் கேக்கறேன். யாரு வந்து போட்டா, ஆம்பளையா பொம்பளையான்னு அவன் சொல்லட்டும்."

கடைக்காரர் பழைய ஆள், இறந்துவிட்டார் என்றேன்.

"புள்ளைங்க இருப்பாங்க இல்ல?"

கடையை மூடிவிட்டார்கள் என்றேன். போன வாரம் மெடல் வாங்கிய கடை இந்த வாரம் மூடிக்கிடக்கிறது. எழுதும்போது எனக்கே கேவலமாக இருக்கிறது. அவள் அதைப் பிடித்துக் கேட்கவில்லை. பிடித்துக் கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"நாலு நாளா எங்கையால தண்ணி கூட வாங்கிக் குடிக்கல சார் அந்த மனுசன். பானையிலருந்து அவரே மொண்டு குடிக்கிறாரு. எங்களுக்குக் கல்யாணம் ஆயி அம்பது வருசம் ஆவுது." அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியும் இல்ல சார்? நான் அப்ப தெனம் வந்து நிப்பேனே. லெட்டரு வந்துச்சான்னு கேட்டுகினு. மெடலு வந்திருந்தா நீங்களே சொல்லியிருப்பீங்க இல்ல?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுதப்போவதில்லை.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்த சுலோசனா சமையலறைக்குப் போகாமல் நேராக மாடிக்குப் போனாள். அலமாரியின் முதல் தட்டைத் திறந்து பார்த்தாள். மூடிவிட்டு இறங்கி வந்தாள். இரவுச் சாப்பாட்டுக்கு உப்புமா. எனக்குப் பிடிக்காது என்று தெரியும்.

டிசம்பர் 4, திங்கள்

புயல். சென்னையில் வெள்ளம் என்று டிவியில் காட்டுகிறார்கள். இங்கேயும் விடாத மழை. வெளியே போக முடியாது, யாரும் வர முடியாது, சுலோசனா பேசுவதில்லை. உட்கார்ந்து எழுதுவதைத் தவிர வேலை இல்லை. எழுதிவிடுகிறேன்.

1979 ஏப்ரல். எனக்கு இருபத்தெட்டு வயது. பாலேரிமேடு தபால் நிலையத்தில் நான்தான் போஸ்ட்மாஸ்டர். வஜ்ஜிரவேலு பெயருக்கு ஒரு பதிவுப் பார்சல் வந்தது. துணி உறை, அரக்கு முத்திரை. ஆள் பம்பாயில். நான் தகவல் அனுப்புவதற்குள் அவர் மனைவி கடிதம் கேட்டு வந்தாள். "அவரு பேருக்கு எதுனா வந்தா நான் வாங்கிக்கறேன் சார், கைநாட்டு வெக்கறேன்" என்றாள். பெறுநரே நேரில் வர வேண்டும், கைநாட்டெல்லாம் செல்லாது என்று விரட்டினேன். பார்சல் வந்திருப்பதையே சொல்லவில்லை. சாட்சி ஒருவரை வைத்துக்கொண்டு கொடுத்திருக்கலாம். எனக்கு விதியில் இருந்த பற்றைவிட, விதி தெரிந்தவன் என்று காட்டிக்கொள்வதில் இருந்த ஆசை அதிகம்.

ஏழு நாள் வைத்திருந்து, ஆள் வராவிட்டால் அனுப்பியவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். ராணுவத்திலிருந்து வந்ததாயிற்றே, மனம் வரவில்லை. அடுத்த மாதம் கெங்கையம்மன் திருவிழாவுக்கு எல்லாரும் ஊருக்கு வருவார்கள், கையிலேயே கொடுத்துவிடலாம் என்று வைத்துக்கொண்டேன். இந்த ஒன்று மட்டும் நல்லெண்ணம். அதற்குள் இன்ஸ்பெக்டர் ஆய்வுக்கு வருகிறார் என்று சேதி வந்தது. பத்தொன்பது நாளாகப் பட்டுவாடா ஆகாத பார்சல் பதிவேட்டில் நிற்கிறது. குறிப்பு எழுதிவிடுவார். மத்தியானம், கவுன்ட்டரில் யாரும் இல்லாத நேரம், ஒப்புகை அட்டையில் வஜ்ஜிரவேலு என்று நானே கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்தேன். கணக்கு நேராகிவிட்டது. எந்தக் கை என்று அவர் கேட்டாரே, இந்தக் கைதான். இதை எழுதுகிற கை.

திருவிழாவுக்கு அவர் வரவில்லை. அவள் தினமும் வந்து நின்றாள். "எதுனா வந்துச்சா சார்?" "இல்லம்மா." அவள் கேட்ட இடத்துக்கும் பார்சல் இருந்த மேசை இழுப்பறைக்கும் நடுவில் ஒரு கம்பி வலை, அவ்வளவுதான். அன்றைக்கு எடுத்துக் கொடுத்திருந்தால் ஒரு கேள்வியும் வந்திருக்காது. ஏன் கொடுக்கவில்லை? மாட்டிக்கொள்வேன் என்ற பயம், வேலை போய்விடும் என்ற பயம் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பொய். திறந்து பார்த்துவிட்டேன். ஒரு ஓரத்துத் தையலைப் பிரித்துத்தான் பார்த்தேன். அந்த நட்சத்திரமும் புது ரிப்பனும். அப்படி ஒரு பொருளை நான் அதுவரை தொட்டதில்லை. என் கையை யாராவது வெட்டினாலும் அதைத் திருப்பிக் கொடுத்திருக்க மாட்டேன். அப்புறம் மாற்றல் வந்தபோது என் டிரங்குப் பெட்டியில் அதுவும் வந்தது. அதற்குப் பின்னால் வாங்கியதெல்லாம் அதற்குத் துணையாக வாங்கியதுதான். சீட்டு ஒட்டி நேர்மையாக வாங்கியவை.

இப்போது மெடலைக் கொடுத்தால் போதாது. அதைத்தான் போன வாரம் செய்து பார்த்தேன். அந்த அம்மாள் விற்கவில்லை என்பதை நிரூபிக்க உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறான். எனக்கு அந்த ஆளைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 7, வியாழன்

டிரங்குப் பெட்டியில் பழைய துணி உறை இருந்தது. முத்திரை அரக்கு பாதி உதிர்ந்திருக்கிறது. தேதி முத்திரை தெளிவாக இருக்கிறது, குத்தியவன் நான்தானே. இரண்டு மெடலையும் திரும்ப அதற்குள்ளேயே வைத்தேன். தபால் நிலையத்துக்குப் போய் ஓர் ஒப்புகை அட்டை வாங்கினேன். கவுன்ட்டரில் இருந்த பெண் "எந்தத் தபாலுக்கு சார்?" என்றாள். பழைய தபால் ஒன்று என்றேன். ஸ்பீடு போஸ்ட் போடுங்கள், சீக்கிரம் போகும் என்றாள்.

சுலோசனாவிடம் சொன்னேன். எனக்குத் தெரியும் என்றாள். அப்புறம் காபி கொடுத்தாள்.

டிசம்பர் 10, ஞாயிறு

கூட்டத்தில் எழுந்து சொன்னேன். உறையை மேசைமேல் வைத்தேன். கன்னியப்பன் ஏதாவது கத்துவார், அதற்கு நான் ஏதாவது சொல்லலாம் என்று தயாராக இருந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என் பக்கம் தள்ளினார். தீர்மானப் புத்தகத்தில் என் இரண்டு வரிகளையும் அடித்துவிட்டு, நடந்ததை எழுதி, கீழே என் சொந்தப் பெயரைப் போட்டேன்.

"எங்ககிட்ட சொன்னது சரி சார்," என்றார் கேப்டன். "சொல்ல வேண்டிய இடம் இது இல்லையே." செயலாளர் பொறுப்பை இன்றோடு விட்டுவிடும்படி மரியாதையாகச் சொன்னார். சால்வைச் சண்டையிலிருந்து விடுதலை. சந்தோஷப்பட முடியவில்லை.

டிசம்பர் 11, திங்கள்

பாலேரிமேடு. பழைய தபால் நிலையக் கட்டடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜ் செய்கிறார்கள்.

வஜ்ஜிரவேலு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லம்மா உள்ளே நிலைப்படிக்கு அப்பால் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். எழுதியதை எல்லாம் சொன்னேன், எதையும் விடவில்லை. வரும் வழியில் பஸ்ஸில் சேர்த்து வைத்திருந்த நல்ல வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

வஜ்ஜிரவேலு உறையைத் தடவிப் பார்த்தார். "தொறந்து பாத்தியா?" என்றார். இத்தனை நாள் "நீங்க, சார்" என்றவர்.

"பார்த்தேன்."

"எத்தினி வாட்டி?"

"தினமும்."

"நான் ஒரு வாட்டி கூடப் பாக்கல," என்றார். "அன்னிக்குக் கூட்டத்துல பாத்தேன். அப்பவும் எம்பொண்டாட்டிய சந்தேகப்பட்டுகினேதான் பாத்தேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். எல்லம்மா எழுந்து வந்தாள். கையில் பூண்டுத் தோல் ஒட்டியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

"இந்த ஆளு பண்ணது இந்த ஆளோட போவட்டும். நீ இன்னா பண்ண? ஒரு கடை பேரு கூடச் சொல்லல அவரு. உடனே நம்பிட்ட. நீ பம்பாய்ல இருந்தப்ப ஊரே உன்ன இன்னாவோ சொல்லிச்சி, வேற குடும்பம் வெச்சிக்கிறான்னு. நான் ஒரு நாளு நம்புனனா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வந்த வேலையை முடித்துக்கொண்டு ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஒப்புகை அட்டையையும் பேனாவையும் அவரிடம் நீட்டினேன். கை நீட்டியவரை அவள் தடுத்தாள்.

"நீ இரு. அன்னிக்கு வெயில்ல வந்து நின்னது நானு."

அட்டையை வாங்கிச் சுவரில் வைத்துக்கொண்டாள். பெறுநர் கையொப்பம் என்ற இடத்தை என்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாள். அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்டாளாம், தொண்ணூற்றொன்றில். ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். 'ல்ல' போடும்போது நாக்கைக் கடித்துக்கொண்டாள். முடித்துவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தாள்.

"அப்ப கைநாட்டு செல்லாதுன்னீங்க. இது செல்லுமா?"

"செல்லும்மா," என்றேன்.

தேதியை நான்தான் எழுத வேண்டியிருந்தது. பட்டுவாடா செய்த நாள் 11-12-2023. உறையை அவள் பிரித்தாள். மெடலைப் பார்த்தாள், முகம் மாறவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள். "பதினாறாம் தேதி வரைக்கும் இது எங்கிட்ட இருக்கட்டும். குத்தறதா வாணாமான்னு நான் சொல்றேன்," என்றாள். அவர் சரி என்றார். அப்புறம் மெதுவாகத் தண்ணி கேட்டார். அவள் உள்ளே போனாள், ஆனால் உடனே கொண்டுவரவில்லை. நான் இருந்த வரையில் கொண்டுவரவில்லை.

டிசம்பர் 14, வியாழன்

எலக்ட்ரீஷியன் வந்து, வந்த வேலையை விட்டுவிட்டு, நன்றாக எரிந்த விளக்கையும் கெடுத்துவிட்டுப் போனான்.

டிசம்பர் 16, சனி

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். சுலோசனா கிளம்பி நின்றாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

மைக் கீச்சிட்டது. பேச வந்த பிரமுகர் போர் நடந்த வருடத்தைத் தப்பாகச் சொன்னார். கடைசியில் சால்வை. ஒன்றேகால் மணி நேரச் சண்டைக்குப் பின் வாங்கிய சால்வை, அளவு பத்தாமல் பாதி முதுகோடு நின்றுவிட்டது. ஒருவர்கூட ரிப்பனை ஒழுங்காகக் குத்தவில்லை. பார்க்க முடியவில்லை எனக்கு.

வஜ்ஜிரவேலு பெயரைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் ஒன்றுமில்லை. மேடையில் ஏறி நின்றார். கேப்டன் மெடலுக்காக இங்கும் அங்கும் பார்த்தார். முதல் வரிசையிலிருந்து எல்லம்மா எழுந்தாள். யாரும் கூப்பிடாமல், யாரையும் கேட்காமல், படியில் ஒரு கையை ஊன்றி மேடைமேல் ஏறினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அவர் எதிரில் நின்று கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். கன்னியப்பன் எழுந்து நின்றுவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள்.

அவள் குத்தினாள். நட்சத்திரம் கோணல். வட்ட மெடல் முன்னால் வந்துவிட்டது. இரண்டும் வலப்பக்கம்.

பதினோரு வருடப் பழக்கம், கேப்டனுக்கு. மேடையிலிருந்தே கூட்டத்தில் என்னைத் தேடினார். "மெடல் சார், சைடு மாறிப் போச்சு போலிருக்கே?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார்.

எல்லாரும் திரும்பினார்கள். எல்லம்மாவும் திரும்பினாள். அவள் கை இன்னும் அவர் சட்டைமேல்தான் இருந்தது.

"சரியாத்தான் இருக்கு," என்றேன்.